குளத்தைச் சோதித்தவர்

எங்கள் குடியிருப்புக்குப் பின்னாலிருந்த குளத்தில் மீன்கள் செத்து மிதந்தபோதுதான் அந்தப் பெண்மணியைச் சந்தித்தேன். வங்காளிகள் நிறைந்த எங்கள் சாந்த்ராகாச்சியில் ஒரு தண்ணீர்ப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்த்த தமிழர். ஒடிசலான உருவம், கஞ்சி போட்ட பருத்திப் புடவை. எதையும் சொல்லுமுன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி நிதானமாகத் துடைப்பார்.

நான் கொண்டுபோயிருந்த குளத்துத் தண்ணீரில் ஏதோ மருந்தை விட்டார். சற்று நேரத்தில் அது அடர்நீலமானது.

"பாஸ்பேட் ரொம்ப ஜாஸ்தி. உங்க ஃபிளாட் சாக்கடை எங்க போறது?"

"குளத்துலதான்."

"துணி துவைக்கற பவுடர், கக்கூஸ் தண்ணி, எல்லாமே பாசிக்குத் தீனி. அந்தப் பாசி அழுகறப்போ மீனுக்கு மூச்சு முட்டிடும்."

"சாக்கடையை இன்னிக்கே நிறுத்திட்டா?"

கண்ணாடியைத் துடைத்தார். "அடியில சேறு இருக்கே. அதுலேர்ந்து பாஸ்பேட் வந்துண்டே இருக்கும். தண்ணி தெளிய வருஷக்கணக்கா ஆகும்."

அதைக் குடியிருப்போர் கூட்டத்தில் அப்படியே சொன்னேன். தேறாத குளம் எதற்கு, மண்ணடித்தால் கார் நிறுத்தவாவது ஆகும் என்று முடிவு செய்தார்கள். நான் எதிர்த்துப் பேசியது எடுபடவில்லை.

செய்தி சொன்னதும் அவர் நேரில் வந்தார். அதற்குள் பாதிக்குளத்தை மூடியிருந்தார்கள். கரையில் நின்று பார்த்தவர், "நாளாகும்னுதானே சொன்னேன். ஆகாதுன்னு சொல்லலையே," என்றார்.

யாரிடம் சொன்னார் என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை. பின்னால் மண் லாரி ஹார்ன் அடித்தது. அவர் ஒதுங்கி வழிவிட்டார்.