எடுக்காமல் விட்ட பிசிறு

பஸ் பணிமனையில் முப்பத்தோரு வருடம் குப்பை கொட்டி ஓய்வுபெற்ற ஃபிட்டருக்கு, மனைவி போன பிறகு பேச்சுத் துணை என்று வீட்டில் இருந்தது ரேடியோ ஒன்றுதான். அதுவும் தான் பேசுமே தவிர இவர் பேசுவதைக் கேட்காது. சமையலறை மேடையில் ஈரத்துணி விரித்து, அதன்மேல் சாணைக்கல்லை வைத்து, தன்னிடமிருந்த ஐந்து மடக்குக் கத்திகளையும் மாற்றி மாற்றித் தீட்டுவார். வெட்டத்தான் ஒன்றுமில்லை. ஒற்றை ஆளுக்கு எத்தனை வெங்காயம் நறுக்க முடியும்?

ஒரு நாள் மாடியில் தனியாகக் குடியிருந்த பார்சல்காரர் கதவைத் தட்டினார். கிடங்கில் கயிறு அறுக்கும் மடக்குக் கத்தி மழுங்கிவிட்டதாம். ஃபிட்டருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இரண்டு பக்கமும் தீட்டி, தீட்டும்போது விளிம்பில் திரண்ட மெல்லிய இரும்புப் பிசிறைப் பழைய தோல் பெல்ட்டில் இழுத்து எடுத்து, மடக்கும் இடத்தில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுக் கொடுத்தார். அதற்குள் ஆளுக்கு இரண்டு டீ ஆகி, ஊர்க்கதை உலகக்கதை எல்லாம் பேசி முடித்திருந்தார்கள்.

பிறகு மூன்று மாதம் ஆளைக் காணோம். எப்படி வருவார்? தீட்டின கூர் அப்படி, மழுங்கினால்தானே. தினமும் மாலை ஆறு மணிக்குச் செருப்புச் சத்தம் கேட்கும். ஃபிட்டர் ரேடியோவைக் குறைப்பார். சத்தம் கதவைத் தாண்டி மாடி ஏறிவிடும்.

அடுத்த முறை கத்தி வந்தபோது மனிதர் ஒரு திருட்டுத்தனம் செய்தார். பிசிறை எடுக்காமல் விட்டார். அப்படி விட்டால் முதல் நாள் கத்தி பிளேடு மாதிரி வெட்டும். நாலாம் நாள் பிசிறு மடிந்து கயிற்றோடு மல்லுக்கட்டும். நினைத்தது பலித்தது. வாரம் தவறாமல் கதவு தட்டப்பட்டது. மனசாட்சி உறுத்தத்தான் செய்தது. ஆனால் இரண்டாவது டம்ளரைக் கழுவும்போது அவருக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஆறாவது வாரம் பார்சல்காரர் கட்டைவிரலில் கட்டோடு வந்தார்.

"வெட்டலயேன்னு அழுத்தினேண்ணே, வழுக்கிடுச்சு. நாலு தையல்."

ஃபிட்டர் கத்தியை வாங்கி விளிம்பைத் தடவினார்; மடிந்த பிசிறு விரலில் தட்டியது.

"கத்தி பழசாயிடுச்சு, உங்க கை என்ன பண்ணும்? கிடங்குல கட்டர் குடுத்துட்டாங்க. மழுங்கினா நுனிய ஒடச்சுப் போட்டா போதும். இத நீங்களே வச்சுக்குங்க."

டீயைக் குடித்துவிட்டு எழுந்தவர் வாசலில் நின்றார்.

"உண்மையச் சொல்லணும்னா, கிடங்குலயே சாணைக்கல் இருக்குண்ணே. நான் டீக்காகத்தான் வந்தேன். இனிமே என்ன சாக்குச் சொல்லி வர்றது?" என்று சிரித்தார்.

சும்மா வாங்க என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் அந்தக் கட்டைப் பார்த்துக்கொண்டே அதைச் சொல்ல ஃபிட்டருக்கு வாய் வரவில்லை.

"வெரல்ல தண்ணி படாம பாத்துக்குங்க" என்றார்.

செருப்புச் சத்தம் மாடி ஏறியது. ஃபிட்டர் அந்தக் கத்தியைக் கல்லில் வைத்துத் தீட்டி, பிசிறு முழுவதையும் பெல்ட்டில் இழுத்து எடுத்தார். காகிதத்தில் வைத்துப் பார்த்தார். சத்தமே இல்லாமல் அறுத்தது. இனி மூன்று மாதத்துக்கு மழுங்காது. மடக்கி, மற்ற ஐந்தோடு ஆறாவதாக வைத்தார்.