ரெக்ஸ் அங்கிள் குறைப்பதாகச் சொன்ன உப்பு

இங்கே இறைச்சிக்கடையிலும் பரீட்சை வைக்கிறார்கள். நான் இருக்கும் இந்த ஜெர்மன் சிற்றூரில், கடைக்காரர் சனிக்கிழமைகளில் தன் கையால் செய்த சொசேஜை வட்டமாக வெட்டி, குச்சியில் குத்தி, வருகிறவர்களுக்கெல்லாம் நீட்டுவார். சும்மா தின்றுவிட்டுப் போக முடியாது. கூடவே சிறிய அட்டையும் பென்சிலும் தருவார். அட்டையில் ஒன்றிலிருந்து ஆறு வரை இலக்கம். ருசிக்கு எத்தனை மார்க் என்று வட்டம் போட வேண்டும். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். மார்க் என்றாலே இன்றைக்கும் பயம். அவர் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே ஆறுக்கு வட்டம் போட்டுக் கொடுத்தேன். உள்ளதில் பெரியது அதுதானே. மனிதரின் முகம் கறுத்துவிட்டது.

இந்த நாட்டில் ஒன்றுதான் திறமான புள்ளி, ஆறு என்றால் படு ஃபெயில் என்று வீட்டுக்கு வந்த பிறகு மகள் சொல்லித்தான் தெரியும். கடையில் அவர் "சால்ட்ஸ்?" என்று கேட்டார். உப்புக் கூடிவிட்டதா என்கிறார். யார் என்ன கேட்டாலும் ஆமென்று தலையாட்டிப் பழகியவள், "யா, யா" என்றேன். அவர் கணக்கு எழுதும் கொப்பியை எடுத்து ஏதோ எழுதினார். என்னைப் பற்றி ஒருவர் கொப்பியில் எழுதுவதைக் கண்டால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. அந்தப் பழக்கம் கொழும்பில், கொட்டாஞ்சேனையில் வந்தது.

கொட்டாஞ்சேனையில் எங்களுக்கு மாடி அறையை வாடகைக்குத் தந்திருந்த ரெக்ஸ் அங்கிளும் மார்க் கேட்கிறவர்தான். கீழே அவருடைய இறைச்சிக்கடை. லிங்குஸ் என்று அங்கே சொல்லுகிற பன்றி சொசேஜை அவர் தன் கையாலேயே செய்வார். இறைச்சியைக் கத்தியால் கொத்தி, மிளகு, சாதிக்காய், வினாகிரி எல்லாம் பிசைந்து, குடலில் அடைத்து, பின்முற்றத்துக் கம்பியில் வரிசையாகத் தொங்கவிடுவார். சனிக்கிழமை காலை ஒரு துண்டைப் பொரித்து எங்களைக் கூப்பிடுவார். யாழ்ப்பாணத்தில் பன்றியைக் கண்ணாலும் காணாத வீட்டில் வளர்ந்தவள் நான். ஆனாலும் வீட்டுக்காரர் தருவதை வேண்டாமென்று சொல்கிற காலமா அது? கண்ணை மூடிக்கொண்டு விழுங்குவேன். பத்துக்கு ஒன்பது என்பேன். பத்து என்றால் பொய்யென்று தெரிந்துவிடும், எட்டு என்றால் கோபம் வரும், நாளைக்கே அறையைக் காலிபண்ணு என்று சொல்லிவிட்டால் வேறு யார் தமிழருக்கு அறை தருவார்கள் என்றெல்லாம் யோசித்துத்தான் அந்த ஒன்பது.

"ஒம்பது! எப்பவும் ஒம்பது! இது நாக்கா, ரப்பர் ஸ்டாம்பா? உள்ளத சொல்லு நங்கி, நா என்ன ஒன்னக் கடிச்சா திங்கப் போறேன்?"

என் கணவர் அப்படியில்லை. மருதானையில் ரேடியோ திருத்தும் கடையில் வேலை. எதிலும் நேரான மனிதர். ஆறுதலாக மென்று பார்த்துவிட்டு, "ஏழுதான் அங்கிள். வினாகிரி கூடிப்போச்சு" என்பார்.

"பாத்தியா? மல்லிதான் மனுசன்" என்று ரெக்ஸ் அங்கிள் அவர் முதுகில் தட்டுவார். அவருக்கு என் கணவர் மல்லி, நான் நங்கி; சிங்களத்தில் தம்பி, தங்கச்சி.

கோட்டைப் பக்கம் குண்டு வெடித்த கிழமை, மருதானையிலிருந்து திரும்பி வந்த பஸ்ஸைப் பொலிஸ் மறித்து என் கணவரை இறக்கிப் பிடித்துக்கொண்டு போனது. கொழும்பில் தங்கும் தமிழர் வைத்திருக்க வேண்டிய பொலிஸ் பதிவுத் துண்டில், நாங்கள் முன்பு இருந்த வெள்ளவத்தை லொட்ஜின் விலாசம் இருந்ததுதான் குற்றம். மாற்ற வேண்டும், மாற்ற வேண்டும் என்று நான் தினமும் நச்சரித்த விலாசம் அது. மூன்றாம் நாள் ரெக்ஸ் அங்கிள், ஞாயிறு மாதா கோயில் பூசைக்குப் போடும் வெள்ளைக் கால்சட்டையைப் போட்டுக்கொண்டு என்னையும் பொலிஸ் நிலையத்துக்கு அழைத்துப் போனார். அதிகாரியிடம் சிங்களத்தில் நெடுநேரம் கதைத்தார். என் வீட்டு ஆள், பொய் சொல்லத் தெரியாதவன், நான் பொறுப்பு என்றார். பெரிய கொப்பியொன்றில் அவருடைய பெயர், அடையாள அட்டை இலக்கம், கையெழுத்து. ஞாயிறுதோறும் பத்து மணிக்கு என் கணவர் அங்கே வந்து கையெழுத்து வைக்க வேண்டும். வராவிட்டால் ரெக்ஸ் அங்கிள் பதில் சொல்ல வேண்டும்.

வெளியே வந்த என் கணவரின் வலது காதில் பஞ்சு இருந்தது. அந்தக் காது பிறகு கேட்கவேயில்லை.

"பயப்படாத நங்கி, நா சைன் வச்சிருக்கேன் தானே. மல்லி எங்க ஓடப்போறான்?" என்று வழியில் ரெக்ஸ் அங்கிள் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏஜென்டிடம் எங்கள் பாஸ்போர்ட்டுகள் போய் நான்கு மாதமாகியிருந்தது.

ஆறு ஞாயிறு போனது. ஒவ்வொரு தடவையும் போனவர் வருவாரா என்று மாடிப்படியில் குந்தியிருப்பேன். பிறகு ஒரு வியாழக்கிழமை ஏஜென்ட் சொல்லி அனுப்பினான்: சனி பின்னேரம் பிளேன், வீட்டுக்காரருக்கு மூச்சும் விடக்கூடாது.

அந்தச் சனிக்கிழமை காலையும் ரெக்ஸ் அங்கிள் கூப்பிட்டார். மேலே பெட்டி கட்டியபடி கிடந்தது. துண்டை வாயில் வைத்தேன். எப்படி வந்ததோ, "ஆறு அங்கிள். உப்புக் கூட" என்றேன். உண்மையிலேயே கூடத்தான்.

அவர் கையைத் தட்டிச் சிரித்தார். "அப்பாடா! இப்பதான் நீயும் இந்த வீட்டு ஆள். வார சனிக்கு உப்பக் கொறச்சுத் தாறேன், பாரு." பிறகு என் கணவரின் கேட்கிற காதுப் பக்கமாகக் குனிந்து, "நாளைக்கு பூச முடிய வாறேன், ரெடியா நில்லு மல்லி" என்றார்.

ஒரு மார்க்குக்குக்கூடப் பொய் சொல்லாத என் கணவர், "ஓம் அங்கிள்" என்றார்.

இத்தனை வருடத்தில் ரெக்ஸ் அங்கிளுக்கு இரண்டு கடிதம் எழுதினேன். இரண்டையும் போடவில்லை. வெளிநாட்டு முத்திரையோடு எங்கள் பெயரில் ஒரு கடிதம் போனால், தெரிந்தேதான் எங்களைத் தப்ப விட்டார் என்று பொலிஸ் அதையே சாட்சியாக்கிவிடுமோ என்று பயம். அந்தப் பயம் நியாயமானதா, எனக்கு வசதியானதா என்று இன்றுவரை தெரியவில்லை. கணவரிடம் கேட்டால் கேட்காத காதைத் திருப்பிக்கொள்வார்.

அடுத்த சனிக்கிழமை இங்கே ஜெர்மன் கடைக்குத் திரும்பப் போனேன். ஜெர்மன்காரர் என்னைக் கண்டதும் உள்ளே ஓடிப்போய்ப் புதிய சொசேஜ் ஒன்றை எடுத்து வந்தார். இரண்டு விரலைச் சேர்த்து, உப்புக் கொஞ்சம்தான் என்று காட்டினார். நல்ல சொசேஜை என் பேச்சைக் கேட்டுக் கெடுத்து வைத்திருந்தார். வாயில் சப்பென்று இருந்தது. அட்டையையும் பென்சிலையும் நீட்டினார். சுவரில் மணிக்கூடு பத்தை நெருங்கியது. கவுண்டருக்குப் பின்னால் அவர் என் பதிலுக்காகக் காத்து நின்றார். கொட்டாஞ்சேனையில் மாடிப்படிக்குக் கீழே, வெள்ளைக் கால்சட்டையோடு ஒருவர் மேலே பார்த்து, "மல்லி, நேரமாச்சு" என்று கூப்பிட்டுக்கொண்டு நின்றார்.