மேடு ஏறத் தெரியாத பேஸ்மேக்கர்

தாமல் ஏரிக்கு அந்தப் பக்கத்து ஊர்ப் பள்ளியில் நான் சத்துணவு அமைப்பாளர். பதினெட்டு வருடமாக சைக்கிளில்தான் போய்வருகிறேன். போன வருடம் ஒரு நாள் சமையலம்மாவுக்கு அரிசி அளந்து கொடுக்கும்போது கண் இருட்டி விழுந்துவிட்டேன். நாடித்துடிப்பு பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. காஞ்சிபுரத்து மருத்துவமனையில் தோள்பட்டைக்குக் கீழே, இதயத்தைச் சரியான வேகத்தில் துடிக்க வைக்கும் பேஸ்மேக்கர் கருவியை வைத்தார்கள்.

மூன்று மாதம் கழித்து மறுபடி சைக்கிளை எடுத்தேன். சமதரையில் ஒரு தொந்தரவும் இல்லை. ஏரிக்கரை மேட்டில் பாதி ஏறுவதற்குள் கால் துவண்டு, மூச்சு இரைத்தது. இறங்கி, அதே மேட்டில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தால் அவ்வளவு சிரமம் தெரியவில்லை. இது எனக்கு விளங்கவே இல்லை.

சைக்கிளே வேண்டாம் என்று சொல்லிவிட்டார் என் கணவர். தினமும் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டார். குண்டும் குழியுமான அந்த ரோட்டில், பின்னால் சும்மா உட்கார்ந்திருந்த எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்தது. அதை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் வேலைக்கே போகவேண்டாம் என்பார்.

அடுத்த பரிசோதனையில், கருவியைச் சரிபார்க்கும் பெண்ணிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். இதையெல்லாம் சொன்னால் சிரிப்பாளோ என்று கூச்சமாகத்தான் இருந்தது. அவள் கையிலிருந்த பேனாவை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"உங்க உடம்பு ஆடறத வச்சிதான்மா அது கணக்கு போடுது. நடந்தா ஒடம்பு குலுங்குது, சரி, வேல செய்றாங்கன்னு வேகமா துடிக்க வைக்குது. சைக்கிள்ல கால்தானே சுத்துது, நெஞ்சு ஆடாம இருக்குது. அதுக்கு நீங்க உக்காந்துக்கினு இருக்கற மாதிரிதான் தெரியும்."

ஸ்கூட்டர் குலுங்கினால் நான் ஓடுகிறேன் என்று நினைத்துக்கொள்ளுமாம். மூச்சு வேகத்தைக் கவனிக்கும் வசதியும் என்னுடைய கருவியில் இருந்தது, ஆனால் அணைத்து வைத்திருந்தார்கள். டாக்டரைக் கேட்டு அதை இயக்கினாள். குலுக்கலுக்குக் காட்டும் அவசரத்தைக் கொஞ்சம் குறைத்தாள். பிறகு என்னை மாடிப்படி ஏறி இறங்கச் சொல்லி, திரையில் துடிப்பு மெல்ல உயர்ந்து மெல்லத் தணிவதைக் காட்டினாள். என் நெஞ்சை நானே பார்த்தபோது அழுகை வந்துவிட்டது. பயத்தினால் அல்ல.

அடுத்த திங்கட்கிழமை சைக்கிளில் கிளம்பினேன். கணவர் ஒத்துக்கொண்டார், ஆனால் ஸ்கூட்டரை உருட்டாத குறையாக மெதுவாக ஓட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தார். மேட்டில் மூச்சு வாங்கியது. எல்லோருக்கும் வாங்குகிற மூச்சுதான். கூடவே நெஞ்சும் வேகமெடுத்து ஈடுகொடுத்தது. கால் துவளவில்லை. கரைமேல் ஏறியதும் எதிர்க்காற்று முகத்தில் அடித்தது. ஏரி பாதி நிறைந்திருந்தது.

அவர் பக்கத்தில் வந்து வண்டியை நிறுத்தினார். முகமெல்லாம் வியர்வை.

"இன்னா, சித்த நேரம் நின்னுட்டு போலாமா?" என்றார்.

"நீங்க வேணா நில்லுங்க. எனக்கு நேரமாவுது," என்று சொல்லிவிட்டு இறக்கத்தில் மிதித்தேன்.