சிவப்புக் கோட்டுக்குக் கீழே

எங்கள் நூலகத்தில் வாசிப்பு அறைக்கு வெளியே ஒரு பலகை உண்டு. அதில் 'ஊழியர் செய்திகள்' என்ற தாள் மாதாமாதம் மாறும். யார் இடமாற்றம் பெற்று வெலிமடைக்குப் போகிறார், யாருக்குப் பிள்ளை பிறந்தது, யார் பரீட்சையில் சித்தியடைந்தார் என்பதெல்லாம் அதில் வரும். எழுதுவது நான். என் கையெழுத்து அழகு என்று சொல்லித்தான் என் தலையில் கட்டினார்கள். வேறு யாரும் அந்த வேலையை ஏற்கவில்லை என்பதே உண்மை. பத்திரிகை படிக்க வரும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் முதலில் அந்தத் தாளைத்தான் படிப்பார்கள். ஊர் வம்பு யாருக்குத்தான் கசக்கும்?

வரவுப் பதிவேடும் என் பொறுப்புத்தான். காலை எட்டரைக்கு வேலை. வருகிறவர்கள் வந்த வரிசையில் பெயரும் நேரமும் எழுதிக் கையெழுத்து வைப்பார்கள். எட்டே முக்காலுக்கு நான் சிவப்புப் பேனாவால் ஒரு கோடு இழுப்பேன். அதற்குக் கீழே எழுதுகிறவர் பிந்தி வந்தவர். சில கந்தோர்களில் கோடு போடுகிறவர் தேத்தண்ணீர் குடித்து முடித்து, பஸ் வந்துவிட்டதா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போடுவாராம். அந்தக் கதையெல்லாம் என்னிடம் நடக்காது. "மிஸ் கோடு போட்டுட்டா, சாமியே வந்தாலும் கீழதான் கையெழுத்து" என்று கூட வேலை செய்கிறவர்கள் கேலி பண்ணுவார்கள். எனக்கு அதில் உள்ளூரப் பெருமைதான்.

நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு பெண் வேலைக்கு வருவாள். பன்னிரண்டு வருடம் கொழுந்து பறித்துவிட்டு, தற்காலிக ஊழியராக எங்களிடம் சேர்ந்தவள். கூட்டுவது, பத்திரிகைகளைச் சட்டத்தில் மாட்டுவது, திரும்பி வந்த புத்தகங்களை இறாக்கையில் அடுக்குவது அவள் வேலை. புத்தகத்தின் முதுகில் ஒட்டிய இலக்கத்தைப் பார்த்து அடுக்கக் கற்றுக்கொண்டவள், இரண்டாவது வருடத்தில் நாங்கள் தவறாக வைத்தவற்றைத் திருத்த ஆரம்பித்துவிட்டாள். எந்தப் பிள்ளைக்கு எந்தப் புத்தகம் பிடிக்கும் என்பதும் அவளுக்குத் தெரியும். ஒருமுறைகூட அவளை நான் பாராட்டியதில்லை.

முதல் பஸ்ஸில் வந்து, ஏழே முக்காலுக்கே காவலாளியிடம் சாவி வாங்கி உள்ளே போய்விடுவாள். நான் எட்டேகாலுக்கு வரும்போது பாதி நூலகம் கூட்டியாகியிருக்கும். பதிவேட்டை மேசையில் வைத்துவிட்டு நான் கேட்பேன்.

"ஏம்மா, கையெழுத்து வைக்கலயா?"

"இந்தா முடிஞ்சிரும் மிஸ்."

எட்டே முக்காலாகும். கோடு போடுவேன். ஒன்பதுக்குக் கொஞ்சம் முன்பு அவள் கை கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டு வருவாள். சுவர் மணிக்கூட்டைப் பார்த்து, அந்த நேரத்தை அப்படியே எழுதி, கோட்டுக்குக் கீழே கையெழுத்து வைப்பாள். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, ஆறு வருடம்.

கேட்டுக் கேட்டு என் வாய் வலித்ததுதான் மிச்சம். சரியான அழுத்தக்காரி என்று நினைத்தேன். லீவே இல்லாத தற்காலிக ஊழியருக்குப் பிந்தி வந்ததற்காக லீவில் வெட்டுவதற்கும் எதுவுமில்லை, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். இன்னொரு காரணமும் உண்டு, அதைச் சொல்லாவிட்டால் இதை எழுதுவதில் அர்த்தமில்லை. நானும் பசறைப் பக்கத்துத் தோட்டத் தொழிலாளர் லயமொன்றில் பிறந்தவள். தோட்டத்து ஆளுக்குத் தோட்டத்து ஆள் வளைந்து கொடுக்கிறாள் என்ற பேச்சு என் காதில் விழக்கூடாது என்பதில் குறியாக இருந்தேன். அவளுக்காக ஐந்து நிமிடம் பேனாவைப் பிடித்து வைத்திருந்தால் என் குடி முழுகிப் போயிருக்காது.

போன வருடம் வாசிப்பு மாதத்தையொட்டி, ஒவ்வொரு பிரிவிலும் சிறந்த ஊழியர் ஒருவரை மேடையில் பாராட்டுவதென்று, நூலகத்தை நடத்தும் நகரசபை முடிவெடுத்தது. அதே சமயத்தில் தற்காலிக ஊழியர்களை நிரந்தரமாக்கும் பட்டியலும் தயாரானது. இரண்டுக்கும் எங்கள் பதிவேட்டை வாங்கிக்கொண்டு போனார்கள். அவளுக்கு அந்தப் பட்டியல்தான் கடைசி வாய்ப்பு. இன்னும் நான்கு மாதத்தில் வயதெல்லை தாண்டிவிடும், அதற்குப் பிறகு எந்தக் காலத்திலும் நிரந்தரம் கிடையாது. தோட்டத்தில் பெயரை வெட்டிக்கொண்டு வந்தவள் என்பதால் திரும்பிப் போகவும் வழியில்லை.

இரண்டு கடிதங்களும் ஒரே நாளில் வந்தன. பலகைத் தாளில் எழுதுவதற்காக நூலகர் இரண்டையும் என்னிடம் கொடுத்தார். சிறந்த ஊழியர் நான். காரணம், நேரம் தவறாமை. அவளுடைய பெயர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டிருந்தது. காரணம், தொடர்ந்து பிந்தி வருதல்.

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். அதுவும் அவள் மேல். கடிதத்தைத் தூக்கிக்கொண்டு சிறுவர் பகுதிக்குப் போனேன்.

"பாத்தியா? படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! வந்ததும் கையெழுத்த வச்சா உன் கை என்ன தேஞ்சா போகும்?"

அவள் கடிதத்தை வாங்கிப் படித்தாள். மெதுவாகத்தான் படிப்பாள். முடித்துவிட்டு, உண்மையிலேயே விளங்காமல் என்னைப் பார்த்தாள்.

"வேல செய்யாம எப்படி மிஸ் கையெழுத்து வைக்கிறது? தோட்டத்துல கொழுந்த நிறுத்து, அளவு சரியா இருந்தாத்தானே முழுப்பேரு போட்டு முழுநாள் சம்பளம்? கொறஞ்சா அரைப்பேருதானே? காலைலயே பேர எழுதிட்டு அப்புறமா வேல செய்றது கள்ளவேல மாதிரில்ல இருக்கு."

"அப்ப அந்தச் செவப்புக் கோட்ட என்னன்னு நெனச்ச?"

"மேல ஸ்டாப், கீழ நாங்க. அதுக்குத்தான் நீங்க கோடு போடுறீங்கன்னு நெனச்சேன்."

நான் அங்கிருந்த பிள்ளைகள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். மழை நாளில் கொழுந்து குறைந்து அம்மா அரைப்பேரோடு வீட்டுக்கு வந்து, அடுப்பு மூட்டாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து வளர்ந்தவள் நான். இவள் சொன்னது அந்த நூலகத்தில் வேறு யாருக்கும் விளங்காமல் போயிருக்கலாம், எனக்கு விளங்கியிருக்க வேண்டும். ஆறு வருடத்தில் அந்தக் கோடு எதற்கென்று ஒருமுறையாவது நான் அவளுக்குச் சொன்னேனா? எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்று இருந்துவிட்டேன். பாவி!

அன்றே சபைக்கு எழுதினேன். அவள் ஒரு நாளும் பிந்தி வரவில்லை, சாவி கொடுத்த நேரம் காவலாளியின் புத்தகத்தில் இருக்கிறது, தயவுசெய்து பாருங்கள் என்று எழுதினேன். மறுவாரம் சபைச் செயலாளர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். அவர் சிங்களவர், தமிழ் நன்றாக விளங்கும். பதிவேட்டையும் சாவிப் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இரண்டில் எது பொய் என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள். என்னைக் காப்பாற்றத்தான் முந்தினாள்.

"மிஸ் மேல ஒரு குத்தமும் இல்லீங்க சேர். தெனமும் வந்தவுடன என்னையப் பாப்பாங்க. ஏன் கையெழுத்து வைக்கலன்னும் கேப்பாங்க. அவங்களுக்குத் தெரியாம நான் ஒரு நாளும் வந்ததில்லீங்க."

செயலாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். தெரிந்திருந்தும் ஏன் அவள் பெயர் கோட்டுக்குக் கீழே போக விட்டீர்கள் என்று, அவளுக்கு விளங்காத சிங்களத்தில் கேட்டார். அவர் சத்தம் போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அவள் பெயர் பட்டியலில் சேர்ந்தது. பாராட்டு விழாவில் எங்கள் பிரிவிலிருந்து யாரையும் கூப்பிடவில்லை. என் கோப்பில் ஓர் எச்சரிக்கைக் கடிதம் ஏறியது. அந்த மாதப் பலகைத் தாளில் அவளுடைய நிரந்தர நியமனத்தைக் கொட்டை எழுத்தில் எழுதினேன். என்னைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் துருவித் துருவிக் கேட்டார்கள், கல்லுப் பிள்ளையார் மாதிரி இருந்தேன்.

அன்று மாலை அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு என் மேசைக்கு வந்தாள்.

"என்னாலதானே மிஸ் ஒங்க பரிசு போச்சு. மனசுக்கு ஒரு மாதிரியா இருக்கு."

அப்படியே விட்டிருந்தால் அவள் கண்ணில் நல்லவளாகவே இருந்திருக்கலாம். விட மனம் வரவில்லை. அந்தக் கோடு ஸ்டாபையும் தொழிலாளியையும் பிரிக்கிற கோடு இல்லை, அதற்குக் கீழே எழுதினால் பிந்தி வந்ததாக அர்த்தம், நீ எனக்கு முன்பே வந்து வேலை செய்துகொண்டிருக்கிறாய் என்று பார்த்துக்கொண்டேதான் போட்டேன் என்று சொன்னேன்.

அவள் பையைத் தோளிலிருந்து இறக்கினாள்.

"தெரிஞ்சேதான் போட்டீங்களா?"

"ஆமா."

"ஆறு வருஷமுமா?"

"ஆமா. மன்னிச்சுக்கம்மா."

"சரி மிஸ், நமுனுகுல பஸ் போயிரும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

இப்போது அவள் நிரந்தர ஊழியர். என்னோடு சிரித்துத்தான் பேசுகிறாள், வடை கொண்டுவந்தால் எனக்கும் ஒன்று எடுத்து வைக்கிறாள். காலையில் நான் பதிவேட்டை வைத்ததும், விளக்குமாற்றைச் சாத்திவிட்டு வந்து முதல் ஆளாகக் கையெழுத்து வைக்கிறாள். வைத்துவிட்டு, பதிவேட்டை என் பக்கம் திருப்பி, எழுதிய நேரத்தின்மேல் விரலை வைக்கிறாள். நான் குனிந்து பார்த்து, "சரி, பாத்துட்டேன்" என்று வாயால் சொல்லும்வரை அந்த விரலை எடுப்பதில்லை.