பாடகர் சீவிய மரம்

சனிக்கிழமை மாலை மணி நாலு பத்து. ஈப்போ சிலிபின் வீட்டில் உட்கார்ந்தபடி, எங்கள் பழைய ரப்பர் தோட்டத்துக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு இரண்டு வரி எழுதி அனுப்பினேன். அனுப்பிவிட்டுச் சிரித்தேன். அந்த வரிகளை இன்னும் அழிக்கவில்லை. நேரமும் பக்கத்திலேயே இருக்கிறது.

யாரோ ஒரு புதுப் படத்தின் காட்சியைக் குழுவில் போட்டிருந்தார்கள். நம் மலேசியப் பாடகர் ஒருவர், தானே பாட்டெழுதித் தானே பாடிப் பிறகு நடிக்க வந்தவர், அதில் பால்மரம் சீவுகிறார். கத்தி வலது மேலிருந்து இடது கீழாக இறங்குகிறது. "ஐயோ, மாத்தி சீவுறாருலா!" என்று ஓர் அக்கா தொடங்கிவைத்தார். ஆளுக்கு ஆள் சிரித்தார்கள். நான் எழுதியது இது: "விடியக்கால பெரட்டுல, வேலைக்குப் பேரு கூப்பிடும்போதே இவர திருப்பி அனுப்பியிருப்பாங்க. சொல்லிக் கொடுத்தவன் ரப்பர் மரத்தையே பாத்திருக்க மாட்டான்."

நாலு இருபத்தைந்துக்கு என் மகள் கோலாலம்பூரிலிருந்து கூப்பிட்டாள். அந்தப் படத்தின் கலைப் பிரிவில் வேலை செய்தவள் அவள். என் தங்கையும் குழுவில் இருக்கிறாள். வேடிக்கை என்று நினைத்து நான் எழுதியதை மகளுக்கு அனுப்பியிருக்கிறாள்.

"அப்பா, சொல்லிக் கொடுத்தது நீங்கதான்."

எனக்கு ஒன்றும் நினைவில்லை.

"போன வருஷம் ஃபோன் பண்ணிக் கேட்டேன்ல? எந்தப் பக்கம் மேல, எந்தப் பக்கம் கீழன்னு. வலது மேலன்னு சொன்னீங்க. எங்கப்பா தோட்டத்துல பொறந்தவரு, தப்பா சொல்ல மாட்டாருன்னு எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சேன். இப்ப நீங்களே சிரிக்கிறீங்க."

"நான் ஏதோ ஒரு ஞாபகத்துல..."

"நாளைக்கு நான் வரல."

அத்தோடு கைப்பேசியை அணைத்துவிட்டாள்.

நாளைக்கு என்றால் ஞாயிறு மதியக் காட்சி. அந்தப் பாடகரின் படம் எது வந்தாலும் ஈப்போவில் நாங்கள் இருவரும் சேர்ந்துதான் பார்ப்போம். அவளுக்குப் பன்னிரண்டு வயதில் தொடங்கிய வழக்கம். முதல் படத்தில் அவர் லாரியில் கூடப் போகும் ஆள். மொத்தமே பத்து வரி வசனம். வெளியே வந்ததும் அவள் அந்தப் பத்து வரியையும் ஒப்பித்தாள். அடுத்த படத்தில் பேரங்காடிக் காவலாளி. அதில் அவர் ஒரு பாட்டுகூடப் பாடவில்லை. வானொலியில் யாரோ பாட, எழுந்து போய்ச் சத்தத்தைக் குறைத்துவிட்டு வந்து உட்காருவார். "பாடுறவரு பாடாம இருக்காரு பாருங்கப்பா, அதான் நடிப்பு" என்றாள். இன்றைக்கும் அவளுக்குப் பிடித்த வேடம் அதுதான்.

எனக்குப் பிடித்தது பள்ளி வேன் ஓட்டுநர். ஊரார் பிள்ளைகளை எல்லாம் பத்திரமாகக் கொண்டுவிடும் மனிதர், சொந்தப் பிள்ளையிடம் எப்படிப் பேசுவதென்று தெரியாமல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருப்பார்.

"அழுதீங்க. பாத்தேன்."

"ஏர்கோன் குளிருலா."

"கண்ணுக்கு மட்டும் குளிருமா?"

இப்படிப் பேசிக்கொண்டே வீடு வந்து சேர்வோம். அவள் கணக்கியல் படிப்பைப் பாதியில் விட்டுச் சினிமாவுக்குப் போகிறேன் என்றபோது வீட்டில் பெரிய சத்தம் போட்டவன் நான். அதன் பிறகு எங்களுக்குள் சண்டையில்லாமல் பேச மிஞ்சியது அவர் நடித்த வேடங்கள் மட்டும்தான். அந்த ஒரு பேச்சையும் சனிக்கிழமை நானே கெடுத்துக்கொண்டேன்.

அன்று மாலை முழுவதும் எண்ணை அழுத்திக்கொண்டே இருந்தேன். மழை வேறு. மோட்டார் சைக்கிளில் எங்காவது கோபத்தோடு போய்க்கொண்டிருப்பாளோ என்று வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்தேன். "அடைச்சு வெச்ச ஃபோன எத்தன தடவதாங்க அடிப்பீங்க?" என்றாள் மனைவி. ஆனால் அவளும் சாப்பிடவில்லை.

உண்மை என்னவென்றால், நான் பால்மரம் சீவியதே இல்லை. என் அப்பா தோட்டத்துக் கிராணி. ஆபீசில் பேரேடு எழுதியவர். நாங்கள் இருந்தது தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் இல்லை, கிராணி வீட்டில். மற்ற பிள்ளைகள் விடியுமுன் தாய் தகப்பனோடு ரப்பர் காட்டுக்குப் போவார்கள். நான் சட்டையை உள்ளே விட்டுப் பள்ளிக்குப் போவேன். தோட்டத்தை விற்று, வீடுகள் கட்டி, எல்லோரும் டவுனுக்கு வந்த பிறகு இந்த வேறுபாடு மறைந்துவிட்டது. 'நானும் தோட்டத்துப் பிள்ளை' என்று சொல்லிக்கொள்வது சுகமாக இருந்தது. மகளிடமும் அப்படித்தான் சொல்லி வளர்த்தேன். அவள் கேட்டபோது, தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. குழுவில் எல்லோரும் சிரித்தபோதுகூட எது சரி என்று எனக்குத் தெரியாது. அவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

ஞாயிறு காலை குழுவில் எழுதினேன்: "படத்தில் வந்த தவறு என்னுடையது. என் மகள் கேட்டாள். தெரியாமலே நான்தான் மாற்றிச் சொன்னேன். பாடகர் மீதும் அவள் மீதும் பிழையில்லை."

பிறகு பாகான் செராயில் இருக்கும் அண்ணன் ஒருவர், இருபது வருடம் மரம் சீவியவர், குரல் பதிவு அனுப்பினார். "டேய், கிராணி மவனே! ஒனக்கு எதுக்குடா இந்த வேல? எங்கள ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா? இடது மேல, வலது கீழ. பத்து வயசுப் புள்ள சொல்லும்." அவருக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பேர். எல்லாவற்றையும் கேட்டேன்.

ஏற்கெனவே வாங்கிய இரண்டு டிக்கெட்டோடு தனியாகப் போனேன். முதலில் அவள் வழக்கமாக வரும் ரயில் நேரத்தில் ஈப்போ நிலையத்தில் நின்று பார்த்தேன்; அவள் இறங்கவில்லை. அவள் டிக்கெட்டைக் கொட்டகை வாசலில் கொடுத்துவைத்துவிட்டு உள்ளே போனேன். எண்ணி இருபது பேர் இருப்பார்கள். பக்கத்து இருக்கையில் என் குடையை வைத்தேன். விளம்பரங்கள் முடிந்து, விளக்கு அணைந்து, பாடகரின் பெயர் திரையில் வந்தது. எழுந்து போய்விடலாம் என்று நினைத்தேன்.

வரிசை ஓரத்தில் யாரோ குனிந்தபடி வந்தார்கள். நனைந்த சட்டை, கையில் தலைக்கவசம். குடையை எடுத்து என் மடியில் வைத்துவிட்டு மகள் உட்கார்ந்தாள்.

"அம்மாடி, அப்பா வந்து..." என்று தொடங்கினேன்.

அவள் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"நீங்க எழுதுனத அத்த அனுப்புனாங்க. இப்ப பேசாதீங்கப்பா. படம் முடியட்டும். வெளிய போயி சண்ட போடலாம்."