இருபத்தைந்தாவது தாள்

சீன நாட்காட்டியில் டிசம்பர் ஏழாம் தேதி வாக்கில் 'பெரும்பனி' என்று ஒரு நாள் வரும். அன்றைக்கு பர்மாவின் க்யிம்யிண்டைங் ஊதுபத்திக் களத்துக்கு வந்து பார்க்க வேண்டும். வேலை செய்கிற பெண்களின் முகத்தில் பூசிய தனாக்கா மரப்பட்டைச் சாந்து வியர்வையில் கரைந்து கழுத்துவரை வழிந்திருக்கும். பனியாவது கினியாவது! அம்சவேணி வேலைக்குச் சேர்ந்த புதிதில், இங்கே எங்கே பனி என்று முதலாளியிடமே கேட்டுவிட்டாள். ஊ சான் லின் கோபித்துக்கொள்ளவில்லை. பெயர் அவங்க ஊருக்கு, நாள் நம்ம ஊருக்கு என்றார்.

அவரை எல்லோரும் 'சயா' என்றுதான் கூப்பிடுவார்கள். வாத்தியாருக்கும் அந்தச் சொல்தான், முதலாளிக்கும் அந்தச் சொல்தான். அந்த நாட்காட்டி வருஷத்தை இருபத்துநாலு பங்காகப் பிரிக்கிறது. ஒவ்வொரு பங்கு பிறக்கும் நாளிலும் விடியற்காலை சயா ஒரு முக்காலியில் வட்டமான திசைக்கருவியை வைப்பார். வீடு கட்டவும் கல்லறை வைக்கவும் சீனர்கள் திசை பார்க்கும் கருவி, இருபத்துநாலு கட்டம் போட்டது. பக்கத்தில் ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி, புகை எந்தக் கட்டத்தின் பக்கம் சாய்கிறது என்று பார்த்து, வரப்போகிற பதினைந்து நாளைக்கு வெயிலா மழையா என்று சொல்வார். சொன்னதை அன்றைய நாட்காட்டித் தாளைக் கிழித்துப் பின்பக்கம் பென்சிலால் எழுதுவார். நடந்ததைப் பிறகு அதன் கீழே எழுதுவார். சீன வம்சம்தான், ஆனால் எல்லாம் பர்மிய எழுத்து. சீனப் பள்ளிக்கூடங்களை மூடியபோது அவருக்குப் பத்து வயது. வருஷத்துக்கு இருபத்துநாலு தாள், சிவப்பு நூலில் ஒரு கட்டு. பத்துக்கு ஏழு பலிக்கும். களத்தை ஒட்டிய ஆற்றுப் படித்துறைப் படகுக்காரர்கள் அவரைக் கேட்காமல் கயிற்றை அவிழ்ப்பதில்லை.

அம்சவேணியின் புருஷன் சுந்தர் அந்தக் களத்து ஊதுபத்தியைப் படகில் ஏற்றிக்கொண்டு கடலோர முகத்துவாரத்தில் லபுட்டா பக்கத்துக் கடைகளுக்குப் போட்டு வருகிறவன். நல்ல உழைப்பாளி, பொய் சொல்லக் கூடாது. குடித்தால் மட்டும் வீட்டில் பாத்திரம் ஒன்றும் இருந்த இடத்தில் இருக்காது. இரண்டாயிரத்து எட்டில், ஏப்ரல் கடைசி நாள், நாளைக்குக் கிளம்பலாமா என்று சயாவைக் கேட்டு வரச் சொல்லி இவளை அனுப்பினான். சயா நாட்காட்டியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, 'கோடைப் பிறப்பு' மே ஐந்தாம் தேதி, அதற்கு முந்தின நாள் அறுந்த நாள் என்றார். ஒரு பருவம் அறுந்து அடுத்தது இன்னும் ஒட்டாத நேரத்தில் காற்று யார் பேச்சையும் கேட்காது, ஆறாம் தேதிக்கு மேலே போகச் சொல்லு என்றார்.

அம்சவேணி வீட்டுக்கு வந்தாள். முந்தின ராத்திரி அவன் தூக்கி எறிந்த குழம்புச் சட்டியின் ஓடுகள் மூலையில் அப்படியே கிடந்தன. ஆறாம் தேதிவரை இவன் வீட்டிலேயே இருப்பான் என்பதுதான் அவளுக்குத் தோன்றியது. நல்ல நாள்தானாம், கிளம்பச் சொன்னார் என்றாள். அவ்வளவுதான். நாலு நாள் வீடு சும்மா இருக்கட்டும் என்று நினைத்தாள், வேறொன்றும் நினைக்கவில்லை.

முதல் தேதி காலையில் சுந்தர் போனான். இரண்டாம் தேதி ராத்திரி நர்கிஸ் புயல் வந்தது. படகும் கிடைக்கவில்லை, ஆளும் கிடைக்கவில்லை.

சீனன் நாள் குறித்துக் கொடுத்து சுந்தரை அனுப்பினான் என்று தெரு முழுக்கச் சொன்னது. பாவம் ஓரிடம், பழி ஓரிடம். அப்படி இல்லை என்று சயா ஒரு வார்த்தை சொல்லவில்லை. அம்சவேணியும் சொல்லவில்லை. சுந்தரின் அக்கா ஜெயம்மா இன்சீனிலிருந்து வந்து களத்து வாசலில் மண்ணை வாரித் தூற்றி, நாள் சொன்ன நாக்கு விழுந்து போகட்டும் என்று சாபம் விட்டாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்து அம்சவேணி வேலைக்குத் திரும்பினாள். ஊதுபத்திக் குச்சிகளை வெயிலில் கட்டுக் கட்டாக விரித்தாள், சாயங்காலம் அள்ளினாள். அழுகை வரவில்லை, பயமும் வரவில்லை. வெகுநேரம் மடக்கி உட்கார்ந்தால் கால் மரத்துப் போகுமே, அப்படி அவள் முழுசாக மரத்துப் போயிருந்தாள். எழுந்து நடந்தால் சரியாகும் என்பார்கள். அவள் எழுந்திருக்கவே இல்லை. பதினேழு வருஷம்.

இந்த வருஷம் ஏப்ரலில் தண்ணீர்த் திருவிழா முடிந்த வாரம் சயாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கமும் பேச்சும் போயின. இன்சீனுக்குச் சேதி போனதும் ஜெயம்மா இவளைக் கூப்பிட்டு அனுப்பி, மாரியம்மா கண்ணைத் திறந்துட்டாடி என்று சிரித்தாள். நாக்கு விழுந்ததற்கு மே மாதக் கடைசி வெள்ளிக்கிழமை கோயிலில் பொங்கல் வைப்பதாகப் பூசாரியிடம் சொல்லியாயிற்று, ஊரையே அழைக்கப் போகிறாளாம். அம்சவேணி அவள் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு வந்தாள்.

சயாவின் மகள் மா சூசூ கைப்பேசியில் மழை பார்த்துக் களத்தை நடத்துகிறவள். ஆனால் அப்பா படுக்கையிலிருந்து அந்தத் தாள்கட்டுகளையே பார்த்துக் கொண்டிருந்தார். யாராவது வாசித்துக் காட்டினால் அடங்கினார். காலையில் ஒரு கட்டு வாசித்துவிட்டுக் களத்துக்கு வா என்று அம்சவேணியிடம் சொன்னாள். தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள் அம்சவேணி, பர்மியம் தண்ணீர்பட்ட பாடு. தொண்ணூறாம் வருஷத்துக் கட்டிலிருந்து தொடங்கினாள். தென்கிழக்கு, வெயில் என்றேன், வெயில். மேற்கு, மழை என்றேன், மழை இல்லை. இப்படியே நாளுக்கொரு வருஷம் போயிற்று. இரண்டாயிரத்து எட்டாம் வருஷத்துக் கட்டு வருகிறது என்று அவளுக்குத் தெரியும். தாண்டிப் போய்விடலாம் என்றும் தெரியும், ஏன் தாண்டினாய் என்று கேட்க அங்கே யாராலும் முடியாது.

அந்தக் கட்டைக் கையில் எடுத்தபோதே கொஞ்சம் தடிப்பாகப் பட்டது. குச்சி எண்ணிப் பழகின விரல். எண்ணினாள், இருபத்தைந்து. அதிகமாக இருந்த தாள் மே முதல் தேதி. அது எந்தப் பங்கும் பிறக்கிற நாள் இல்லை.

பின்பக்கம் பொடி எழுத்தில் எழுதியிருந்தது. அவள் சத்தமாகவே வாசித்தாள்.

"நேற்று அம்சவேணி வந்து கேட்டாள். போக வேண்டாம், ஆறாம் தேதிக்குப் பிறகு என்றேன். இன்று காலை படித்துறையில் சுந்தர் என்னைக் கும்பிட்டு, நல்ல நாள் சொன்னதற்கு நன்றி என்றான். மனைவி மாற்றிச் சொல்லியிருக்கிறாள் என்று புரிந்தது. பத்துப் பேர் நடுவில் அவளைப் பொய்க்காரி ஆக்க எனக்கு ஆநாடே. ஒரு மழைதானே என்று பேசாமல் இருந்தேன்."

ஆநாடே என்பது பர்மியர் வாயில் நாளுக்கு நூறு தரம் வரும் சொல். அடுத்தவர் மனம் சங்கடப்படுமே என்று தன் வார்த்தையைத் தானே விழுங்கிக்கொள்வது. நல்ல குணம் என்றுதான் சொல்லிக் கொடுப்பார்கள். கீழே, நடந்ததை எழுதும் இடத்தில், ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

இவருக்கு எல்லாம் தெரியும். தெரிந்துதான் பதினேழு வருஷம் அவள் கையில் குச்சி கொடுத்திருக்கிறார். அம்சவேணி நிமிர்ந்து பார்த்தாள். சயாவின் கண் அவள்மேல் இருந்தது. இடது கையை மெல்ல நகர்த்தி, தாளை அவள் பக்கம் தள்ளினார். எடுத்துக்கொள் என்றா, மறைத்துவிடு என்றா, சொல்ல அவருக்கு வாய் இல்லை.

அவள் அன்று களத்துக்குப் போகவில்லை. தாளோடு, ஊரைச் சுற்றும் வட்ட ரயில் ஏறி இன்சீனில் இறங்கினாள். மனசாட்சி உறுத்திற்று என்று யாரும் பெருமையாக நினைத்துவிட வேண்டாம். கால் போயிற்று, கூடவே அவளும் போனாள்.

ஜெயம்மா வாசல் கொடியில் புடவைகளைக் காயப்போட்டுவிட்டு நின்றாள். நல்ல வெயில். அது என்ன தாள் என்றாள். சயா எழுதினது என்றாள் இவள். ஜெயம்மாவுக்குப் பர்மிய எழுத்துத் தெரியாது.

"என்ன எழுதியிருக்கான்?"

பழையபடி அதே இடத்தில் வந்து நின்றாள் அம்சவேணி. அந்த மனுஷன் சொன்னது இவள் கையில், கேட்கிறவள் எதிரில். இவள் என்ன சொல்கிறாளோ அதுதான் அவர் சொன்னதாகும்.

"போக வேணாம்னுதான் சொல்லியிருக்காரு அண்ணி. நல்ல நாளுன்னு சொன்னது நானு."

"ஏன்?"

"நாலு நாளு வீடு சும்மா இருக்கட்டும்னு."

ஜெயம்மா வாசற்படியில் உட்கார்ந்தாள். அம்சவேணி காத்திருந்தாள். மண்ணை வாரித் தூற்றுவாள், நாக்கு விழ வேண்டும் என்பாள், அதை வாங்கிக்கொண்டு போகலாம் என்று இருந்தது அவளுக்கு. ஜெயம்மா அன்று மண் வாரின தன் உள்ளங்கையைப் பார்த்தாள்.

"பூசாரிகிட்ட பொங்கல் வேணாம்னு நானே சொல்லிக்கிறேன். அந்த சயாகிட்டயும் நானே வந்து பேசிக்கிறேன். உன் வாயில யாரு சேதியும் போக வேணாம்."

அம்சவேணி தலையை ஆட்டினாள். கிளம்பத் திரும்பியபோது, காலையிலிருந்து தெற்கே இருந்த காற்று மேற்கே திரும்பியிருந்தது. சாமி படத்துக்கு ஏற்றிவைத்த ஊதுபத்தியின் புகை வீட்டுக்குள்ளேயே மடங்கியது. களத்தில் இதைப் பார்த்தால் எல்லோரும் குச்சி அள்ள ஓடுவார்கள்.

"மழை வருது அண்ணி. துணிய எடுத்துருங்க."

ஜெயம்மா வானத்தைப் பார்த்தாள். வெயில் அடித்துக் கொண்டிருந்தது. பிறகு இவளைப் பார்த்தாள்.

"நீ சொல்லியா நான் நம்பணும்?" என்றாள்.

கொஞ்ச நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. கொடியில் நாலு புடவை நனைந்து கனத்துத் தொங்கின. ஓடிப்போய் எடுக்கலாம் என்று அம்சவேணியின் கை துடித்தது, எடுக்கவில்லை. மரத்துக் கிடந்த இடமெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து அப்போதுதான் வலித்தது. ஜெயம்மா படியிலிருந்து எழுந்திருக்கவே இல்லை.