காலிப் பானையும் என் வீட்டுக்காரரின் ஓட்டும்

என் வீட்டுக்காரர் பத்திரிகைக்கு எழுதுகிறவர். எழுதுவது என்றால் பெரும்பாலும் திட்டுவதுதான். ஊரே கொண்டாடுகிற சினிமாவைக் குப்பை என்பார். டீக்கடையில் எல்லாரும் இலவசம் கொடுத்தே நாடு கெட்டது என்று பேசினால், பெண்களுக்கு பஸ்ஸில் டிக்கெட் இல்லை என்றதுதான் இத்தனை வருடத்தில் நடந்த ஒரே உருப்படியான காரியம் என்பார். அதையே ஒரு கட்சிக்காரர் மேடையில் பெருமையாகச் சொன்னால், அந்த பஸ் எங்கள் ஊர்க் காலனியில் ஏன் நிற்பதில்லை என்று எழுதுவார். கோயிலைத் திட்டுகிறவர்களோடும் சேரமாட்டார், கோயிலுக்காகச் சண்டை போடுகிறவர்களோடும் சேரமாட்டார். எங்கள் ஜனங்களுக்காக என்று இருக்கிற கட்சியையும் விட்டுவைத்ததில்லை. ஏன் இப்படி என்று கேட்டால் ஒரே பதில்தான்.

"எதிரியத் திட்ட ஆயிரம் பேர் இருக்கிறான். நம்மாளத் திட்ட ஒருத்தன் வேணாமா?"

நியாயம் எனக்குப் புரியும். புரிந்தாலும் பயமாக இருக்கும். நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். வீடு வீடாகப் போய், தறியில் தீரப்போகிற பாவு நூலோடு புதுப் பாவை இழை இழையாகச் சேர்த்து முறுக்குவது என் வேலை. ஒரு இழை விட்டுப்போனாலும் புடவையில் கோடு விழும். அந்த வேலை பழகியதாலோ என்னவோ, எதைப் பார்த்தாலும் எங்கே அறுந்துபோகுமோ என்றுதான் எனக்கு முதலில் தோன்றும்.

அந்தக் கோடையில் நான் பயந்தது வீட்டுக்காக. காஞ்சிபுரத்தில் எங்களுக்கு வாடகை வீடு கிடைப்பது லேசில்லை. சமையலறையைக் காட்டும்போதே "நீங்க இன்னா ஆளுங்க?" என்று கேட்பார்கள். பதில் சொன்னதும், சொந்தக்காரர் யாரோ வீட்டைக் கேட்டிருப்பது அப்போதுதான் அவர்களுக்கு ஞாபகம் வரும். ஓரிக்கை போகிற சாலையில் இந்த வீட்டின் பின்கட்டைக் கொடுத்தவர் மட்டும் கேட்கவில்லை. தாமல் பக்கத்து விவசாயக் குடும்பம், முன்கட்டில் இருக்கிறார், ஆளும் கட்சியில் வட்டச் செயலாளர். சாவியைக் கையில் கொடுத்து, மோட்டார் போடுகிற நேரத்தைச் சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவுதான்.

வெயில் ஏறியதும் அவர் வாசலை ஒட்டிய பஸ் நிறுத்தத்தில் தண்ணீர்ப் பந்தல் திறந்தார். கீற்றுக் கொட்டகை, கட்சித் துணி, தலைவர்கள் சிரிக்கிற பேனர், மணலில் பெரிய மண்பானை, சங்கிலியில் கட்டிய டம்ளர். திறந்த அன்றைக்கு தர்பூசணி, வெள்ளரிப்பிஞ்சு, மோர், போட்டோ எல்லாம் இருந்தது. ஒரு வாரம் போனதும் பேனர் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தது. பானையில் எறும்பு. ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிற பெண்கள் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள். என் வீட்டுக்காரர் போனில் அதைப் படம் எடுத்தார். இந்த மாதக் கட்டுரை இதுதான் என்றார்.

வீட்டுச் சாவி எப்படிக் கைக்கு வந்ததென்று அவருக்குத் தெரியாதா? கேட்டேன். தெரியும், அதற்காகக் காலிப் பானையை நிறைந்த பானை என்று எழுத முடியுமா என்றார். எனக்கு ஒன்றே ஒன்றுதான் தோன்றியது. பானை நிறைந்திருந்தால் எழுத ஒன்றும் இருக்காதே. மறுநாள் காலையிலேயே பானையைத் தேய்த்துக் கழுவி, குடம் குடமாகக் கொண்டுபோய் ஊற்றினேன். அதற்கடுத்த நாளும் ஊற்றினேன். மூன்றாவது குடத்தோடு திரும்பியபோது என் வீட்டுக்காரர் பந்தலில் நின்றிருந்தார்.

"கட்சியில சேந்துட்டியா?"

"தண்ணி இருக்குது பாரு. அத எழுது."

"நீ ஊத்திக்கினு இருப்ப, நான் அவுரு பேர்ல எழுதணுமா?"

"குடிக்கிறவங்க பேரு கேட்டுக்கினா குடிக்கிறாங்க?"

குடத்தை என் இடுப்பிலிருந்து வாங்கி அவரே ஊற்றினார். சரி, விட்டுவிட்டார் என்று நினைத்தேன். அவர் எதையும் அப்படி விட்டதில்லை என்பது அந்த நேரத்தில் ஞாபகத்துக்கு வரவில்லை.

கட்டுரை வந்தது. யார் பெயரும் இல்லை. ஆனால் ஊருக்குப் பெயரா வேண்டும்? கட்சி திறந்த பானையை ஒரு பெண்ணின் பயம் நிரப்புகிறது, அந்தப் பயத்தைக் கட்சிகள் தங்கள் சாதனையில் சேர்த்துக்கொள்கின்றன என்று எழுதியிருந்தார். கடைசியில் தன்னையும் விடவில்லை. பானை காலி என்று படம் எடுத்த கைக்கு ஒரு குடம் தூக்கத் தோன்றவில்லையே, விமரிசகனுக்கும் கட்சிக்காரனுக்கும் அன்றைக்கு என்ன வித்தியாசம் என்று கேட்டிருந்தார். அதைப் படித்தபோது அவர் மேல் பிரியமாகத்தான் இருந்தது. ஆனாலும் பாத்திரங்களை எந்தச் சாக்கில் கட்டுவது என்று மனசு அதற்குள் பார்க்க ஆரம்பித்துவிட்டது.

அன்று சாயங்காலம் வட்டச் செயலாளர் பின்கட்டுக்கு வந்தார். உட்கார்ந்ததும் தண்ணீர் கேட்டார். கொண்டுவந்து கொடுத்தேன். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"இதுவும் பயந்துக்கினு குடுக்குறதாம்மா?"

பொய் வரவில்லை. "கொஞ்சம், அண்ணே" என்றேன்.

முழுவதும் குடித்தார். பிறகு என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். எதிர்க்கட்சிக்காரர்கள் கட்டுரையை வாட்ஸப்பில் போட்டுச் சிரிக்கிறார்களாம். அவர்கள் பந்தலில் பானையே காணோம், அதை அடுத்த மாதம் எழுதுகிறேன் என்றார் இவர். அவருக்கு அது போதவில்லை.

"நாங்க இன்னாபா பண்ணோம் உனக்கு?"

இவர் நேராக அவரைப் பார்த்துச் சொன்னார். "போன தபா என் ஓட்டு உங்களுக்குத்தாண்ணே. நான் ஓட்டுப் போட்டவங்களத்தான கேக்க முடியும்?"

கல்யாணம் ஆன நாளிலிருந்து யாருக்கு ஓட்டுப் போட்டார் என்று என்னிடம்கூட அவர் சொன்னதில்லை. வட்டச் செயலாளர் டம்ளரைக் கீழே வைத்தார். எழுந்து வாசல்வரை போனவர், நாளையிலிருந்து மோட்டார் போடும்போது பந்தலுக்கு ஒரு டியூபை இழுத்துவிடுவதாகவும் நான் குடம் தூக்க வேண்டாம் என்றும் சொன்னார். பிறகு எங்கள் கூரையை அண்ணாந்து பார்த்தார்.

"மழைக்குள்ள இந்த ஷீட்ட மாத்தணும். போன வருசமே ஒழுகுச்சுல்ல?"

மழைவரைக்கும் இருக்கிறோம் என்று புரிந்துகொண்டேன். இரவுச் சாப்பாட்டுக்கு அரிசியைக் களைந்து உலையில் போட்டேன். அது கொதிப்பதற்குள், அடுத்த தேர்தலில் இவர் மாற்றிப் போட்டுவிட்டு அதையும் கேட்ட இடத்தில் சொல்லித் தொலைத்தால் என்ன செய்வது என்று அடுத்த கவலை வந்துவிட்டது.